துப்பறிவாளரின் அறிவும் அளவையும்: தானவன் முதல் தொலைக்காட்சித் தொடர் வரை
(நந்திதுர்க் சுரங்கச் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

முன்னுரை

தமிழில் துப்பறியும் புனைவு பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் வரவையும் தழுவல் தன்மையையும் வெகுசன இதழ்களோடு அதற்குள்ள உறவையும் பேசிவந்துள்ளன. துப்பறிவாளர் அறிவாளி என்பதை எழுத்தாளர் எவ்வாறு நிறுவுகிறார் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. ஒருவரை வீரர் என்று காட்டச் சண்டையொன்றை எழுதலாம். செல்வர் என்று காட்ட மாளிகையொன்றை எழுதலாம். அறிவாளி என்று காட்டுவதற்கோ அறிவையே எழுதியாக வேண்டும். அவ்வாறு எழுத இயலாதபோது, பிற பாத்திரங்களின் புகழுரையும் ஏனையோரின் மூடத்தனமும் அறிவின் இடத்தை நிரப்பிவிடுகின்றன. இன்றைய தொலைக்காட்சிக் குற்றத் தொடர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கலும் இதுவே.

இச்சிக்கலின் வரலாற்றை 1894இல் வெளிவந்த ‘தானவன்’ முதல் அண்மைக்காலத் தொடர்கள் வரை தொடர்ந்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப்பகுதி இதற்கு ஒப்பீட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது. களவு, ஐயம், சான்று, கைரேகை என்பன தமிழ் வாசகருக்குக் கதைப்பொருளாக அறிமுகமாகிவந்த அதே காலத்தில், அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு அவை அன்றாட நடைமுறையாக இருந்தன. புனைவில் கண்ட துப்பறிவையும் நடப்பில் கண்ட கண்காணிப்பையும் ஒருங்கு வைத்து நோக்கினால், துப்பறிவாளரின் அறிவு எதனால் நம்பத்தக்கதாகிறது என்பது தெளிவாகும்.

1. அளவை நூல் காட்டும் வழி

துப்பறியும் கதை மேனாட்டிலிருந்து வந்த வடிவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் உயிராகிய அனுமானம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை’ பத்து வகை அளவைகளைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் கருத்தளவை பொது, எச்சம், முதல் என மூவகைப்படும். காட்டில் யானையின் ஒலி கேட்டு அங்கு யானை உண்டு எனத் தெளிவது பொது. ஆற்றில் வரும் வெள்ளத்தைக் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்தது என அறிவது எச்சம். கருமுகிலைக் கண்டு மழை பெய்யும் எனக் கூறுவது முதல். இவற்றுள் துப்பறிவாளரின் பணி எச்சத்தைச் சார்ந்தது. நிகழ்ந்து முடிந்த ஒன்றன் விளைவு மட்டுமே அவர் கண்முன் உள்ளது. அதிலிருந்து அவர் காரணத்திற்குப் பின்னோக்கிச் செல்கிறார்.

அதே காதை, அளவை போலத் தோன்றி அளவையாகாத எட்டுப் போலிகளையும் கூறுகிறது. அவற்றுள் நான்கு நம் பொருளுக்கு மிகவும் வேண்டுவன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக்கோடல். தறியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே முடிவுகொள்வது தேராது தெளிதல். எதிரே உள்ளதைக் கண்டும் இன்னதென உணராமை கண்டுணராமை. நல்ல துப்பறியும் கதையில் காவல்துறையினர் தேராது தெளிகின்றனர். உடனிருக்கும் நண்பர் கண்டும் உணராதிருக்கிறார். துப்பறிவாளர் ஐயத்தில் தொடங்கி எச்சத்தால் தெளிவடைகிறார். தமிழாய்வாளர் இவ்வடிவத்தை மதிப்பிடுவதற்கு வேண்டிய கலைச்சொற்கள் நம்மிடமே உள்ளன என்பது இதனால் பெறப்படும்.

சிலப்பதிகாரமோ ஒரு களவு வழக்கை நடுவில் வைத்துக் கட்டமைந்த காப்பியம். கொலைக்களக் காதையில் கோவலனை நேரில் கண்ட காவலர் அவன் கள்வனாகத் தோன்றவில்லை என்றே கருதுகின்றனர். பொற்கொல்லனோ கள்வர்தம் நூலறிவையும் தந்திரங்களையும் விரித்துரைத்து அவர்தம் காட்சியை மறுத்துவிடுகிறான். தோற்றத்தில் களங்கமின்மையே களவின் திறமைக்குச் சான்றாகத் திரிக்கப்படுகிறது. கையில் சிலம்பு இருந்தமை குற்றத்தை நிறுவப் போதுமானதாகிறது. வழக்குரை காதையில் கண்ணகி செய்வது இதற்கு நேர்மாறானது. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்னும் ஒரே வினாவில் அவள் வழக்கை நிறுத்துகிறாள். உண்மை எதுவோ அதற்கேற்ப வேறுபட்ட விடை தரக்கூடிய சோதனை அது. அவள் கூற்று பொய்யாயின் அச்சோதனையே அவளைத் தோற்கடித்திருக்கும். தோல்விக்கும் இடம் தரும் சோதனையே அறிவின் அடையாளம் என்னும் கருத்து இக்கட்டுரை முழுவதிலும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

2. ஒட்டகக் கதையும் தானவனும்

பண்டித நடேச சாஸ்திரி (1859-1906) நாட்டார் கதைகளைத் தொகுத்தவர் என்ற வகையில் பெரிதும் அறியப்பட்டவர். 1889இல் டபிள்யூ. ஏ. கிளௌஸ்டன் வெளியிட்ட கீழைநாட்டுக் கதைத்தொகுப்பில், தமிழ் அலகேச கதை சாஸ்திரியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இடம்பெற்றது. அதன் தொடக்கத்தில் ஒட்டகம் தொலைத்த வணிகன் ஒருவன் வழியில் நான்கு இளைஞரைச் சந்திக்கிறான். அவர்கள் அவ்வொட்டகத்தைக் காணாமலே அதற்கு ஒரு கால் ஊனம், ஒரு கண் குருடு, வால் குட்டை, வயிற்றில் வலி எனக் கூறுகின்றனர். வணிகன் அவர்களையே கள்வர் எனக் கருதி அரசனிடம் இட்டுச்செல்கிறான். அரசன் வினவ, ஒவ்வொருவரும் தாம் கண்ட அடையாளத்தை எடுத்துரைக்கின்றனர். மூன்று காலடிகளே அழுந்தப் பதிந்திருந்தன. வழியோரத் தழை ஒரு பக்கத்தில் மட்டுமே மேயப்பட்டிருந்தது. கொசுக்கடியை விரட்டப் போதிய வால் இல்லாமையால் குருதித் துளிகள் சிந்திக் கிடந்தன. முன்னங்கால் சுவடு ஆழமாகவும் பின்னங்கால் சுவடு மேலோட்டமாகவும் இருந்தன. அரசன் அவர்களை விடுவித்து அமைச்சராக்கிக்கொள்கிறான்.

இக்கதையில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, நால்வரும் கண்டவை அனைத்தும் வழியில் செல்லும் எவர் கண்ணிலும் படக்கூடியவை. கேட்போர் விடையை அறிந்ததும், தாமும் இதனைக் கண்டுபிடித்திருக்கலாமே என எண்ணுகின்றனர். அவ்வெண்ணமே நால்வரின் அறிவை நம்பவைக்கிறது. இரண்டாவது, நன்கு அறிந்தவரே முதலில் ஐயத்திற்கு ஆளாகின்றனர். அறிவு குற்றத்தின் அடையாளமாகத் திரித்துக் கொள்ளப்படுகிறது. இவ்விரண்டாம் செய்தி பின்னர் நந்திதுர்க்கைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

இக்கதையை மொழிபெயர்த்த சாஸ்திரியே சில ஆண்டுகள் கழித்து, 1894இல், தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். தமிழ்த் துப்பறியும் புனைவின் தொடக்கமாக அந்நூல் கருதப்பட்டுவருகிறது. தானவன் என்னும் பெயரின் ஒலியே அக்கால ஆங்கில வாசகர் அறிந்த டிக் டோனவன் என்னும் துப்பறிவாளரை நினைவூட்டுவது. வழிப்போக்கராகிய நால்வரின் இடத்தைப் போலீஸ் நிபுணன் ஒருவன் பெற்றுக்கொண்டதே இங்கு நிகழ்ந்த வரலாற்று மாற்றம். நால்வருக்கு அவர்தம் கண்களைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. சொன்னதை அவர்கள் மெய்ப்பித்தே தீர வேண்டும். நிபுணனுக்கோ பதவி உண்டு. பதவி உள்ள இடத்தில் அறிவை மெய்ப்பிக்கும் கட்டாயம் தளர்ந்துபோகும் வாய்ப்பும் உண்டு.

3. மாறுவேடம், பதவி, பெயர்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துப்பறியும் நாவல் தமிழ் வாசிப்பைப் பரவலாக்கிய ஆற்றல்களுள் ஒன்றாயிற்று. ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்த சிங் என்னும் பெயரில் தமிழுக்கு ஏற்றினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது. அவர் படைத்த துப்பறியும் கோவிந்தன் வாசகரிடையே நிலைபெற்ற பாத்திரமானார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தை வெளியிட்டபோது எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். படத்தின் கவர்ச்சியே அவ்வேடங்களில்தான் இருந்தது.

மாறுவேடம் நாடக மேடையிலிருந்து பெற்ற உத்தி. அது கண்ணுக்கு விருந்து. ஆனால் அறிவுக்குச் சான்றாகாது. வேடமிட்டு ஒட்டுக்கேட்கும் துப்பறிவாளர் உண்மையைக் காதால் பெறுகிறார்; எச்சத்தால் உய்த்துணர்வதில்லை. வாசகர் அவரோடு சேர்ந்து சிந்திக்க ஒன்றுமில்லை. வேடம் கலையும் வரை காத்திருக்கலாம், அவ்வளவே. எனினும் இதனைக் குறையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. குடும்பக் கதை, அறக்கதை, சமூகச் சீர்திருத்தக் கருத்து ஆகிய பலவற்றையும் ஒரே நாவலில் தாங்கிச்சென்ற அக்கால வடிவத்திற்கு மாறுவேடம் ஏற்றதொரு இணைப்பாக அமைந்தது.

இம்மரபின் விதிகளைத் தலைகீழாக்கிக் காட்டியவர் தேவன் (1913-1957). ஆனந்த விகடனில் வெளிவந்த ‘துப்பறியும் சாம்பு’ கதைகளின் நாயகர் வங்கிக் குமாஸ்தா. மந்தபுத்தி உள்ளவர் எனப் பெயரெடுத்தவர். அவர் தடுமாறி எதையோ செய்ய, அதனால் குற்றம் வெளிப்பட்டுவிடுகிறது. இன்ஸ்பெக்டர் கோபாலனும் ஏனையோரும் அதற்குப் பின்னால் பேரறிவு இருப்பதாக எண்ணி வியக்கின்றனர். நகைச்சுவைக்காக எழுதப்பட்ட இக்கதைகள் துப்பறியும் இலக்கியத்தின் மீதான கூரிய விமரிசனமும் ஆகும். புகழுரையைக் கொண்டே ஒருவரை அறிவாளி ஆக்கிவிடலாம் என்பதைத் தேவன் வெளிப்படையாகச் செய்து காட்டினார். சாம்புவை வாசித்துச் சிரித்த வாசகர், பிற துப்பறிவாளரின் புகழுரைகளையும் ஐயத்தோடு நோக்கக் கற்றிருப்பர்.

தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு அத்தகைய ஐயம் எதுவும் தேவைப்படவில்லை. தேநீர், உலகப் பயணம், குலையாத அமைதி ஆகியவற்றால் அமைந்த ஆளுமை அவர். அவர் அறிவாளி என்பது கதை தொடங்கும் முன்னரே முடிவாகிவிட்ட செய்தி. சுஜாதா 1968இல் குமுதத்தில் எழுதிய ‘நைலான் கயிறு’ தொடரில் கணேஷ் தோன்றினார். அவர் போலீஸ்காரர் அல்லர், வழக்கறிஞர். இவ்வேறுபாடு பெரிது. வழக்கறிஞருக்குக் குற்றவாளி யார் எனத் தெரிந்தால் மட்டும் போதாது; பிறர் ஏற்கும்படி அதை நிறுவவும் வேண்டும். பிற்கதைகளில் வசந்த் உடனிருக்க, அனுமானம் இருவரிடையே உரையாடலாக வெளிப்பட்டது. ஒருவர் முன்வைப்பதை மற்றவர் மறுக்கிறார். மறுப்பைத் தாங்கி நிற்கும் கருத்தே எஞ்சுகிறது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய பொறியாளரின் சோதனை மனப்பான்மையும் இதில் கலந்திருக்கிறது எனலாம். பின்வந்த ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி ஆகியோரும் இணைகளாகவோ துணையோடோ இயங்குவது குறிப்பிடத்தக்கது.

4. நந்திதுர்க்: ஐயமே சான்றாக நின்ற இடம்

கதையுலகில் துப்பறிவாளர் இவ்வாறு வளர்ந்துவந்த காலத்தில், தமிழர் பெருவாரியாக வாழ்ந்த ஒரு தொழில்நகரில் களவும் சான்றும் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை இனி நோக்கலாம். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் முதலிய சுரங்கங்கள் அடங்கிய கோலார் தங்கவயல், 1880களிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிருவாகத்தில் வளர்ந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வடஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தொழிலாளருள் பெரும்பான்மையோர் தமிழ் பேசுவோர். அவருள்ளும் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். இவர்தம் வாழ்வு உழைப்பில் மட்டும் அடங்கிவிடவில்லை. அயோத்திதாசர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது. சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. எழுத்தும் வாதமும் அறிந்த சமூகமாகவே அது விளங்கிற்று.

தங்கம் சிறிய அளவிலேயே பெருமதிப்புடையது, எளிதில் மறைக்கத்தக்கது, உருக்கிவிட்டால் எங்கிருந்து வந்தது என அறிய இயலாதது. இதனால் களவு பற்றிய அச்சம் நிருவாகத்தை விடாது பற்றியிருந்தது. சுரங்கப் பகுதிக்கென மைசூர் அரசு இயற்றிய சட்டங்களின் தன்மையை வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியுள்ளார். பொதுச் சட்டத்தில் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுவோருடையது. தங்கவயலிலோ தங்கம் கலந்த பொருளை வைத்திருந்தவரே தாம் அதை நேர்வழியில் பெற்றதாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சிலம்பு கையிலிருந்தமையால் கோவலன் கள்வனான அதே தருக்கம் இங்குச் சட்டவடிவம் பெற்றது.

இந்நிலையில் துப்பறிவுக்கு என்ன வேலை எஞ்சும்? விளைவிலிருந்து காரணத்திற்குச் செல்லும் எச்ச அளவை, யார் செய்தார் என்பது தெரியாதபோதே தேவைப்படுகிறது. யாவரும் ஐயத்திற்குரியவர் என முன்னரே முடிவுசெய்துவிட்டால் சோதனையிடுதலே போதுமானது, சிந்தித்தல் தேவையில்லை. அளவைப் போலிகளுள் ஒன்றாகிய ஐயம் இங்கு அளவையின் இடத்தில் அமர்த்தப்பட்டது.

கைரேகையின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 1858இல் வங்காளத்தின் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் ஒப்பந்தமொன்றில் கைப்பதிவு பெற்றார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பு எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் வகைப்பாட்டுமுறையை உருவாக்கிற்று. துப்பறியும் கதையில் கைரேகை என்பது குற்றம் நடந்த இடத்தில் எஞ்சிய அடையாளம். அது பலருள் ஒருவரைப் பிரித்துக்காட்டிப் பிறரை விடுவிக்கிறது. தங்கவயலிலோ 1930இல் தொழிலாளர் பதிவுக்காக அனைவரின் கைரேகையும் கோரப்பட்டது. குற்றம் ஒன்று நிகழ்வதற்கு முன்னரே, செய்தவரும் செய்யாதவருமாகிய அனைவரும் பதிவுக்கு உட்பட வேண்டியிருந்தது. தொழிலாளர் இதனை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். புனைவில் அறிவுக்குக் கருவியாக நின்ற ஒன்று நடப்பில் இழிவின் முத்திரையாக உணரப்பட்டமை இதனால் விளங்கும். கருவி ஒன்றே, அதனை எவ்வினாவுக்கு விடைகாணப் பயன்படுத்துகிறோம் என்பதே வேறுபாடு.

சுரங்கத் தொழிலாளரிடமும் அனுமான அறிவு மிகுந்திருந்தது என்பது மறக்கத்தக்கதன்று. கடப்பாரையால் பாறையைத் தட்டி, ஒலி கெட்டியாக வருகிறதா உள்ளீடின்றி வருகிறதா எனக் கேட்டு, தலைக்கு மேலுள்ள பாறை நிற்குமா விழுமா என முடிவுசெய்வது சுரங்கத் தொழிலின் பொதுவான நடைமுறை. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டிய சுரங்கம். பாறைவெடிப்பு தங்கவயலின் தீராத துன்பம். அங்குத் தவறான அனுமானத்தின் விலை உயிராகும். வெண்கற்படலத்தில் தங்கம் இருக்குமிடத்தைக் கண்ணாலேயே மதிப்பிடும் பழக்கமும் அவ்வாறே அனுபவத்தால் வருவது. ஆயின், அறிந்தவரே ஐயத்திற்கு ஆளாகும் ஒட்டகக் கதை இங்கு மீண்டும் நிகழ்கிறது. தங்கம் எங்குள்ளது என அறிந்தவரே தங்கத்தைத் திருடக்கூடியவர் எனக் கருதப்பட்டார். கதையில் அரசன் நால்வரையும் கேட்டறிந்து அமைச்சராக்கினான். சுரங்கத்தில் அக்கேள்வி கேட்கப்படவில்லை.

5. தொலைக்காட்சியில் அறிவை எழுதுதல்

தொலைக்காட்சி இச்சிக்கலைப் புதிய வடிவில் எழுப்பிற்று. எழுத்தில் ஆசிரியர் காட்ட விரும்பாததைச் சொல்லாமல் விடலாம். திரையில் ஒளிப்படக்கருவி அறை முழுவதையும் காட்டிவிடுகிறது. துப்பறிவாளர் கண்டதைப் பார்வையாளரும் காண்கிறார். காணாவிடின் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். எனவே சான்றைப் பார்வைக்கு வைத்து, அதன் பொருளை மட்டும் மறைக்கும் கலை தேவைப்படுகிறது. பார்வையாளரைக் கண்டுணராமை நிலையில் வைத்திருப்பதே இக்கலையின் சாரம்.

அமெரிக்கத் தொடரான ‘கொலம்போ’ (1971 முதல், முன்னோட்டப் படம் 1968) கொலைகாரர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது. பார்வையாளருக்கு எஞ்சிய வினா, அவர் எவ்வாறு பிடிபடுவார் என்பதே. விடை தெரிந்தபின்னும் சுவை குன்றவில்லையாயின், சுவை விடையில் இல்லை, வழியில் உள்ளது என்பது புலனாகும். பிரிட்டனின் ‘ஷெர்லாக்’ (2010 முதல்) நாயகரின் எண்ணங்களைத் திரையில் சொற்களாகவே மிதக்கவிட்டது. தொடக்கத்தில் அது அனுமானத்தைக் காட்சியாக்கிய புதுமை. ஆனால் சொற்கள் விரைந்து தோன்றி மறையும்போது பார்வையாளர் சிந்திக்க நேரமின்றி வியக்க மட்டுமே செய்கிறார். புகழுரை எழுத்துருவில் வந்ததாகவே அது முடிந்துவிடக் கூடும். இந்தியாவில் தூர்தர்ஷனின் ‘கரம்சந்த்’ (1985) பாத்திரத்தின் பழக்கவழக்கங்களாலும், ‘பியோம்கேஷ் பக்ஷி’ (1993) பொறுமையான உரையாடலாலும் நிலைபெற்றன.

தமிழில் 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேசம்’ தொடர்கள் பெருங்கவனம் பெற்றன. அவற்றுள் ‘விடாது கருப்பு’ காவல்தெய்வம் பற்றிய ஊர் நம்பிக்கைக்கும் உளவியல் விளக்கத்திற்கும் இடையே நகர்ந்தது. மரத்தில் தெய்வம் உறைவதாக ஊரார் கூறுவதை ஐதிகம் என்னும் அளவையாக மணிமேகலை எண்ணுகிறது. அவ்வைதிகத்தை இகழாமலும் அப்படியே ஏற்காமலும் ஆராய்ந்ததே இத்தொடரின் வலிமை. முடிவு அறியப்பட்டுத் திட்டமிட்ட வாரத்தொடர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’ பெற்ற வெற்றிக்குப்பின் நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர் ஓங்கியது. எப்போது முடியும் என எழுதுபவருக்கே தெரியாத வடிவில், முதல் வாரத்தில் விதைத்த தடயம் இறுதியில் முளைப்பதற்கு வழியில்லை. துப்பறியும் அறிவு பின்னிருந்து முன்னாக எழுதப்படுவது. முடிவில்லாத தொடரில் பின் என்பதே இல்லை. நெடுந்தொடர்க் காலத்தில் குற்றத்தொடர் தளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

இணையவழித் தளங்கள் ஏழெட்டுப் பகுதிகளில் முடியும் வடிவை மீட்டுத் தந்தன. ‘நவம்பர் ஸ்டோரி’ (2021) நினைவிழப்பு நோயால் தாக்குண்ட குற்றக்கதை எழுத்தாளரையும் அவர் மகளையும் நடுவில் வைத்தது. முடிச்சுகளைப் போட்ட மூளையே அவற்றை மறந்துவிடும் நிலை, அறிவின் நிலையாமையைக் கதைப்பொருளாக்கிற்று. ‘விலங்கு’ (2022) காவல்நிலையத்தின் அன்றாட நடைமுறையிலேயே ஊன்றி நின்றது. அங்கு எவரும் மேதை அல்லர். பதிவேடும் களைப்பும் மேலதிகாரியின் நெருக்கடியுமே சூழல். விடை தொடக்கம் முதலே கண்முன் உலவுவதால், அது வெளிப்படும்போது பார்வையாளர் தம் கண்டுணராமையைத் தாமே உணர்கிறார். ‘வதந்தி’ (2022) இளம்பெண் ஒருத்தியின் மரணத்தைச் சுற்றி எழும் பேச்சுகளை அடுக்கியது. ஒவ்வொருவரும் கூறுவது அவரவர் பார்வைக்கேற்ற கதையாகிறது. காவல் அதிகாரி விவேக் அக்கதைகளால் இழுக்கப்பட்டுத் தடுமாறுகிறார். உலகுரை சான்றின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் கேட்டினை இத்தொடர் ஆராய்கிறது. கூற்றுக்குக் கூற்று உண்மை மாறும் இவ்வமைப்புக்கு எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) தமிழ்த் திரையில் முன்னோடி.

நந்திதுர்க்கை நினைந்து நோக்குவோர்க்குப் புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ (2022) மிக நெருக்கமானது. சாம்பலூர் என்னும் கற்பனை ஊர், சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கம், மயானக்கொள்ளைத் திருவிழா. ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் காணாமற்போகிறாள். நிருவாகத்தோடு மோதியவரே தீவைத்திருப்பார் என்னும் ஐயம் உடனே எழுகிறது. அவ்வூரிலேயே பணிபுரியும் உதவி ஆய்வாளர் சக்கரை படிப்படியாகத் தம் முடிவுகளை மாற்றிக்கொள்கிறார். அவரது அறிவு விரைந்து விடை காண்பதில் இல்லை. முன்னர்க் கொண்ட முடிவைச் சான்று மறுக்கும்போது அதைக் கைவிடுவதில் உள்ளது. தேராது தெளிதலிலிருந்து தேர்ந்து தெளிதலுக்குச் செல்லும் பயணமே அவரைத் துப்பறிவாளராக்குகிறது. ஊரின் திருவிழா, தெருக்கள், குடும்ப உறவுகள் ஆகியவற்றை அறிந்திருப்பது அவருக்குத் துணையும் தடையுமாகிறது. அறிவு இடத்தில் வேரூன்றியது என்னும் உண்மையை அண்மைத் தமிழ்த் தொடர்கள் இவ்வாறு மீட்டுக்கொண்டுள்ளன.

6. எழுதப்படாத துப்பறிவாளர்

தங்கவயல் அண்மைக்காலத் திரையில் பலமுறை இடம்பெற்றுள்ளது. கன்னடத்தில் ‘கே.ஜி.எஃப்’ படங்கள் (2018, 2022) வலிமைமிக்க நாயகரின் எழுச்சியைப் பாடின. தமிழில் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) தங்கத்தைத் தேடிச்சென்ற ஒடுக்கப்பட்டோரின் தொன்மத்தை உருவாக்கிற்று. இவை துப்பறியும் கதைகள் அல்ல. அவற்றிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் எஞ்சிய சயனைடு மண்மேடுகளும் தொழிலாளர் குடியிருப்புகளும், இன்னும் எழுதப்படாத துப்பறியும் தொடருக்கு உரிய களம் ஆகும்.

அத்தகைய தொடரில் வெளியூரிலிருந்து வரும் மேதை ஒருவர் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பாராயின், அது சுரங்க நிருவாகத்தின் பழைய பார்வையையே மீண்டும் நிலைநிறுத்தும்: ஊரார் ஐயத்திற்குரியவர், அறிபவர் வெளியார். மாறாக, பாறையின் ஒலியைக் கேட்டறிந்த முதியவரோ, ஆலைக்கூடத்தின் முறைமாற்ற நேரங்களை நினைவில் வைத்திருப்பவரோ, பதிவேட்டுக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த எழுத்தரோ துப்பறிவில் பங்குகொள்வாராயின் நிலைமை மாறும். அவர்தம் அறிவு தொழிலால் வந்தது. எனவே பார்வையாளருக்கு அதனைக் கற்பித்துக் காட்டலாம். முதற்பகுதியில் கெட்டிப் பாறைக்கும் உள்ளீடற்ற பாறைக்கும் உள்ள ஒலி வேறுபாட்டைப் பார்வையாளர் கேட்டிருந்தால், இறுதிப்பகுதியில் கேட்கும் ஒரே தட்டலில் அவரும் உண்மையை உணர்வார். அறிவைப் பகிர்ந்தளிக்கும் எழுத்து அறிவை நம்பவைக்கிறது. அறிவைப் பதுக்கிவைக்கும் எழுத்தோ வியப்பை மட்டுமே தருகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

துப்பறிவாளரின் அறிவு மூன்றனைச் சார்ந்து நம்பத்தக்கதாகிறது: யாவர் கண்ணிலும் படும் சான்று, தொழிலாலும் இடத்தாலும் வந்த அறிவு, தோல்விக்கும் இடம் தரும் சோதனை. அலகேச கதையின் நால்வரிடம் இம்மூன்றும் இருந்தன.

தமிழ்த் துப்பறியும் புனைவின் வரலாற்றில் மாறுவேடமும் பதவியும் ஆளுமைக் கவர்ச்சியும் இம்மூன்றின் இடத்தை அவ்வப்போது பெற்றன. தேவன் அதனை நகைச்சுவையால் வெளிப்படுத்தினார். சுஜாதா அனுமானத்தை உரையாடலாக்கி மெய்ப்பிக்கும் கடமையை மீட்டார்.

முடிவு திட்டமிடப்பட்ட வடிவங்களிலேயே தொலைக்காட்சித் துப்பறிவு செழித்துள்ளது. அண்மைத் தொடர்கள் மேதையை விடுத்து, தவறி, தெளிந்து, தம் முடிவை மாற்றிக்கொள்ளும் அதிகாரிகளைப் படைத்துள்ளன.

மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏற்றப்பட்ட நந்திதுர்க் போன்ற இடங்களில் துப்பறிவாளருக்குப் பணியில்லை, சோதனையிடுவோருக்கே பணியுண்டு. எனவே துப்பறியும் கதையில் சான்று கோருவது வெறும் கதைநுட்பம் அன்று. ஐயத்திற்கு ஆளானவரும் தம் சொல்லைச் சொல்ல உரிமையுடையவர் என்னும் அறம் அதனுள் அடங்கியுள்ளது. சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டிய கண்ணகியின் வழக்கு தமிழ் மரபுக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவே.